கேரியரில் இருபத்துநாலு கிலோ

போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் வகுப்பு லீடர் ஒரு படம் போட்டிருந்தான். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய பச்சை பனியன். தொந்தியை அது மறைக்கவில்லை, எடுத்துத்தான் காட்டியது. கூடவே போனில் பிடித்த ஒரு வரைபடம். அமீரகத்து மசாஃபியில் தொடங்கி, மலை ஏறி இறங்கி, திப்பா கடற்கரையில் முடிகிற ஆரஞ்சு நிறக் கோடு. “சின்ன வயசுல இந்த ரோட்டுல யாராவது சைக்கிள்ல போயிருக்கீங்களா? கார்ல போனது கணக்குல இல்ல” என்று கீழே கேட்டிருந்தான்.

நீங்கள் எல்லோரும் கை தட்டும் பொம்மை போட்டீர்கள். ஒருத்தி, மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு இப்போதே தேதி வாங்கிவை என்று கேலி செய்தாள். நானும் ஒரு பொம்மை போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். முட்டி தேய்ந்த பிறகு சைக்கிள் வாங்குகிற வயசு நமக்கு வந்துவிட்டது, அதில் யாரைக் குறை சொல்ல?

நான் அந்த ரோட்டில் போயிருக்கிறேன். ஒரு குளிர்காலம் முழுக்க, வெள்ளிக்கிழமை தவறாமல். நாலாம் வகுப்பில் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலம் அது. உங்களிடம்கூடச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய பெருமையான காரியம் ஒன்றும் இல்லை, படித்துவிட்டு ஆறுதல் சொல்லிக்கொண்டு வராதீர்கள்.

பள்ளிக்கூட பஸ்ஸில் காலையில் முதலில் ஏறி, சாயங்காலம் கடைசியில் இறங்குகிறவள் நான் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மா அந்த மசாஃபி மலை ஊர் கிளினிக்கில் நர்ஸ். குமரிக் கடற்கரைக்காரி, கடல் இல்லாத இடத்தில் வேலை கிடைத்ததே என்று கடைசிவரை அலுத்துக்கொண்டவள். கிளினிக்குக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஜன்னலில் மாட்டிய ஏசி. ஜன்னலுக்கு வெளியே மலை. புல் கிடையாது, மரம் கிடையாது. செங்கல் சூளையில் வெந்து வீணாய்ப்போன கல்லைக் குவித்துவைத்த மாதிரி இருக்கும்.

அப்பா சவுதியில், ஜுபைலில் எட்டு வருஷம் பிளான்ட் டெக்னீஷியனாக இருந்தார். எனக்கு அவர் அதுவரை கேசட்டில் பேசி அனுப்புகிற ஒரு குரல்தான். கான்ட்ராக்ட் முடிந்து வேறு கம்பெனி கிடைக்காமல் ஊரில் உட்கார்ந்திருந்தவரை அம்மா தன் விசாவில் கூப்பிட்டுக்கொண்டாள். பாஸ்போர்ட்டில் விசாவுக்குக் கீழே ஒரு முத்திரை இருந்தது: வேலை செய்ய அனுமதி இல்லை. அப்பா அதை எனக்கு விரித்துக் காட்டினார். “பாத்தியா மக்ளே, சிஸ்டர் எனக்கு லீவு குடுத்துருக்கா.” அம்மாவை அவர் சிஸ்டர் என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார். அம்மா சிரிக்கவில்லை.

மூன்று வாரத்தில் அந்த வீட்டில் ரிப்பேர் செய்ய எதுவும் மிச்சமில்லை. கதவுக் கீல், குழாய் வாஷர், ஏசியின் இரைச்சல் எல்லாம் சரியாகிவிட்டன. பிறகு சமையலைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் வெள்ளை யூனிபாரத்தை அவர்தான் இஸ்திரி போட்டார். கிளினிக்கில் அவருக்கு ‘சிஸ்டரோட ஹஸ்பண்ட்’ என்று பெயர். “சார் இப்ப என்ன பண்றீங்க?” என்று யார் கேட்டாலும் துண்டால் கையைத் துடைத்துக்கொள்வார். கை ஈரமாகவே இருக்காது.

அந்த வருஷம் கிளினிக் மேட்ரன் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். அயர்லாந்துக்காரர், நெடுநெடுவென்று உயரம். அவருடைய கட்டிலையும் மேசையையும் எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது, சைக்கிளை யாரும் சீந்தவில்லை. ஆட்டுக்கடா கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், மெலிந்த டயர், பின்னால் பை கட்ட ஒரு கேரியர். “உன் வீட்டுக்காரரிடம் கொடு” என்று அம்மாவிடம் தள்ளிவிட்டுப் போனார். கூடவே ஒரு ஒல்லிப் புத்தகமும் கொடுத்தார். அவருடைய சொந்த மாவட்டத்து மலை ரோடுகளில் சைக்கிளில் போகிறவர்களுக்கு வழி சொல்கிற புத்தகம்.

அந்தப் புத்தகத்தை அப்பா அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குத் தமிழில் சொல்வார். இடது பக்கம் இடிந்த தேவாலயம், அதைத் தாண்டினால் ஏற்றம். கல் பாலத்துக்குப் பிறகு ரோடு சேறாக இருக்கும். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள், உச்சியில் ஏரி தெரியும். “மழைக்கு ஒதுங்க எங்கெங்க மரம் நிக்குன்னுகூட எழுதியிருக்கான் மக்ளே. நம்ம ரோட்டுக்கு இப்பிடி எவன் எழுதுவான்?”

அவரே எழுதினார். என்னுடைய நீள நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டார். காலையில் நான் பஸ் ஏறியதும், அம்மா டூட்டிக்குப் போனதும், சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். மத்தியானம் வந்து சமைத்துவிட்டு எழுதுவார். எனக்குச் சில வரிகள் அப்படியே மனப்பாடம்:

‘வழி ஒன்று. கிளினிக் வாசலில் ஆரம்பம். ரவுண்டானா வரை சமதளம். பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கலாம், பங்கில் நிற்கும் பத்தான் நல்லவர். மூன்றாவது வளைவில் இலந்தை மரம், நிழல் பத்து மணி வரைக்கும்தான். ஐந்தாவது வளைவில் கழுதைகள் நிற்கும், அவை வழி விடாது, நாம்தான் விட வேண்டும். ஏழாவது வளைவில் இறங்கித் தள்ளவும். வெட்கம் வேண்டாம்.’

தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்தப் பள்ளிவாசல் குழாயில் தண்ணீர் குளிர்ந்திருக்கும், வாதி என்கிற வறண்ட ஓடைகளில் எதில் மழை பெய்தால் ரோடு காணாமல் போகும், எல்லாம் அதில் இருந்தது. டிசம்பருக்குள் ஆறு வழிகள் ஆகிவிட்டன. அப்பா கறுத்து, இளைத்து, சத்தமாகச் சிரிக்கத் தொடங்கினார். சமையலறையில் பாட்டு கேட்டது. அம்மாவுக்கும் ஒரு நிம்மதி வந்தது, சாயங்காலச் சண்டைகள் குறைந்தன. ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்.

“நீங்க எங்க வேணும்னாலும் போங்க. அவள ஏத்திட்டு அந்த ரோட்டுக்குப் போவக் கூடாது. கல்லு உடைக்கிற கிரஷர் லாரில அடிபட்ட ரெண்டு பேருக்கு என் கையால தையல் போட்டுருக்கேன், சொல்லிட்டேன்.”

“செரி சிஸ்டர்” என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை நமக்கு லீவு. அம்மாவுக்கு அன்றைக்கு ஏழு மணியிலிருந்து இரண்டு மணி வரை டூட்டி. நான் வீட்டில் அப்பாவிடம் கணக்குப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வெள்ளிக்கிழமை கணக்குப் போட்டேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஏழாவது வளைவைக் காட்டினால்தான் வாய்பாடு சொல்வேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஜன்னல் வழியாகக் கிளினிக்கைப் பார்த்தார். பிறகு தலையணை ஒன்றைக் கேரியரில் வைத்துக் கட்டினார். கிளினிக் தராசில் நான் இருபத்துநாலு கிலோ. அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார், கேரியரில் பாரம் இருந்தால் எந்தக் கியரில் ஏறலாம் என்று பார்க்க வேண்டுமாம்.

நண்பர்களே, அந்த ஏற்றத்தை இப்போது காரில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் தாண்டிவிடலாம். அன்றைக்கு அது ஒரு காலை முழுக்க நீண்டது. எனக்கு முன்னால் அப்பாவின் முதுகு மட்டும்தான். சட்டை நனைந்து ஒட்டி, முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும். செயின் கிரீஸ் வாசனை, சுண்ணாம்புத் தூள் வாசனை, லாரி போனால் வாய்க்குள் மணல். ஐந்தாவது வளைவில் கழுதைகள் நிஜமாகவே நின்றன. ஏழாவது வளைவில் நான் இறங்கி நடந்தேன், அவர் தள்ளினார். உச்சியில் நின்று பார்த்தால் கீழே தூரத்தில் திப்பா கடல், வெயிலில் போட்ட தகரம் மாதிரி. “ஏரிக்குப் பதிலா கடலு. அயர்லாந்துக்காரனுக்கு இது கிடைக்குமா?” என்றார் அப்பா. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் இறங்கினால் கிரஷர் ஒன்றின் கேம்ப். நாலைந்து போர்ட்டா கேபின், கொடி முழுக்க நீலத் துணி. மெஸ்ஸில் சமைத்தவர் ராமநாதபுரத்துக்காரர். எங்களைப் பார்த்ததும் டீ போட்டுவிடுவார். குபூஸ் ரொட்டியைச் சுட்டு அதில் நெய்யும் சீனியும் தடவி எனக்குத் தருவார். “பாப்பாவ இம்புட்டு தூரம் மிதிச்சுக் கூட்டியாந்தியளா? நீங்க மனுசந்தானாண்ணே?” என்று அப்பாவைக் கேட்பார். அப்பாவுக்கு அதைக் கேட்பதற்காகவே அங்கே நிற்கப் பிடிக்கும். ‘இப்ப என்ன பண்றீங்க’ என்று அந்தக் கேம்பில் அவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இறக்கத்தில், லாரி சிந்திய ஜல்லியில் டயர் வழுக்கியது. நான் விழுந்து முட்டி கிழிந்தது. மெஸ் அண்ணன்தான் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினார். எனக்கு வலியைவிட பயம்தான் பெரிதாக இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் வெள்ளிக்கிழமைகள் போய்விடும்.

“வீட்டுப் படியில விழுந்தேன்னு சொல்லிருவோம். நீங்க அம்மாட்ட சொல்ல மாட்டீங்கல்ல?”

“சொல்ல மாட்டேன் மக்ளே.”

“என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க. நாம இந்த ரோட்டுல வந்தத எப்பவுமே சொல்ல மாட்டேன்னு.”

அப்பா தயங்கினார். எங்களுக்கு ஞாயிறு வேதபாடத்தில், எதன்மேலும் சத்தியம் செய்யக் கூடாது என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது என்று பாதிரியார் வீட்டு வேலைக்காரி வரைக்கும் நம்புவார்கள். அப்பாவும் அந்த ஊர்க்காரர்தானே. நான் அவர் கையைப் பிடித்து இழுத்து என் உச்சந்தலையில் வைத்தேன். அது கிரீஸ் கை. இரண்டு நாள் தலைமுடியில் அந்த வாசனை இருந்தது.

பிப்ரவரியில் மலையில் நல்ல குளிர். ஒருநாள் கேம்பில் நான் பல் கிட்டிக்க நின்றதைப் பார்த்து மெஸ் அண்ணன் உள்ளேயிருந்து ஒரு கவராலை எடுத்துவந்தார். கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணியாக மூடுகிற கம்பெனி உடுப்பு, நீலம், முதுகில் பெரிய எழுத்தில் கிரஷர் பெயர். “சமையக்காரனுக்கு எதுக்கு கவரால்? ஆனாலும் குடுத்துட்டான். பாப்பாவுக்குப் போத்திவிடுங்க.” எனக்கு அது காலில் விழுந்து சக்கரத்தில் மாட்டியது. அப்பா தானே போட்டுக்கொண்டார். “நான் காத்த அடைச்சுக்கிடுதேன், நீ பின்னால முதுகோட ஒட்டிக்க” என்றார். நான் அந்தக் கம்பெனிப் பெயரில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வெங்காயமும் டீசலும் கலந்த வாசனை. கதகதப்பாக இருந்தது.

திரும்பி ஏறும்போது எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்தது. கிளினிக் லேபில் வேலை செய்த தமிழ் அங்கிளின் கார், குவார்ட்டர்ஸில் எங்கள் அடுத்த வீடு. நான்தான் முதலில் கண்டுகொண்டேன். சட்டென்று குனிந்து அப்பாவின் முதுகுக்குள் என்னைச் சுருக்கிக்கொண்டேன். கார் வேகம் குறைந்து, பிறகு போய்விட்டது. அங்கிள் கண்ணில் பட்டது கம்பெனிக் கவரால் போட்டுக்கொண்டு கிரஷர் பக்கமிருந்து வருகிற ஒரு மனிதர் மட்டும். பின்னால் இருந்த இருபத்துநாலு கிலோ அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

கவரால் போட்டவன் டூட்டியில் இருக்கிறான். இது இந்த நாட்டில் நமக்கெல்லாம் கண்ணில் பதிந்துபோன பாடம். குளிருக்காக ஒருவன் அதைப் போடுவான் என்று யாருக்குத் தோன்றும்? அங்கிள் கெட்டவர் இல்லை. எங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். மறுநாள் சாயங்காலம் எங்கள் ஹாலில் உட்கார்ந்து, சத்தத்தைத் தாழ்த்தி அம்மாவிடம் சொன்னார்.

“சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் கிரஷர்ல டூட்டி பாக்குறாரா? ரோட்டுல கவராலோட பார்த்தேன். செக்கிங்ல மாட்டினா அவரை மட்டும் அனுப்ப மாட்டான். விசா உங்க பேர்ல இருக்கு.”

எந்தக் கிழமை பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை, பதற்றத்தில் அம்மா கேட்கவும் இல்லை. அம்மாவின் பயம் பொய்யான பயம் இல்லை. வேறு ஊர் கிளினிக்கில் ஒரு நர்ஸின் கணவர் கடை ஒன்றில் கல்லாவில் நின்று பிடிபட்டு, இருவரையும் மூட்டை கட்டி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அம்மாவுடையது. என் படிப்பு, ஊரில் கட்டி நின்றுபோன வீடு, அம்மாவின் தம்பிகள், எல்லாம் அந்த வெள்ளை யூனிபாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன.

அங்கிள் போனதும் அம்மா குளியலறையில் ஊறிக்கொண்டிருந்த கவராலைத் தூக்கிவந்து ஹால் நடுவில் போட்டாள். தண்ணீர் சொட்டியது.

“இது எங்கேருந்து வந்திச்சு?”

“குளிருக்கு ஒருத்தன் தந்தான்.”

“எந்த ஒருத்தன்?”

“கேம்ப்ல ஒரு பையன்.”

“கேம்ப்ல ஒங்களுக்கு என்ன வேல?”

“தண்ணி குடிக்கப் போவேன்.”

“தண்ணி குடிக்கப் போறவனுக்கு யூனிபாரம் குடுப்பானா? தெனம் கையில கிரீசோட வாறீங்க. நகத்துக்குள்ள கிரீஸ். நான் என்ன மடச்சியா? அது டூட்டி இல்லன்னா வேற என்ன, வாயத் தொறந்து சொல்லுங்க.”

நான் குபூஸைப் பிய்த்துப் பருப்பில் முக்கிக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை. சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. நான் ‘சொல்லுங்கப்பா’ என்று சொல்லியிருந்தால் போதும். கவரால் எனக்காக வந்தது, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்று நானே சொல்லியிருந்தாலும் போதும். அடி விழுந்திருக்கும், வெள்ளிக்கிழமை போயிருக்கும், அவ்வளவுதான். நான் தட்டைப் பார்த்தேன்.

“மக்ளே, நீ உள்ள போய்ப் படி” என்றார் அப்பா.

நான் எழுந்து போய்விட்டேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பா அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்தையே அம்மா ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

மார்ச்சில் அவரை ஊருக்கு அனுப்பினாள். கிளினிக்கில் கேட்டவர்களிடம், பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை, லீவுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னாள். செக்கிங் பேச்சு ஆறட்டும், பிறகு வரட்டும் என்பது ஏற்பாடு. ஆறு மாசத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செத்துவிடும் என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அம்மா சர்ச் காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தாள். சைக்கிளைப் பெட்ரோல் பங்கு பத்தானுக்குக் கொடுத்துவிட்டாள். தினமும் காலையில் பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். நான் உட்கார்ந்த கேரியரில் மண்ணெண்ணெய் கேன் கட்டியிருக்கும்.

அந்த ஆறு மாசத்தில் நான் சொல்லியிருக்கலாம். முதலில், சத்தியம் உடைந்தால் என் தலைக்கு ஏதாவது ஆகும் என்று பயந்தேன். பிறகு, அப்பா போனதற்குக் காரணமே நான்தான் என்று அம்மா சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். ஒவ்வொரு நாள் போகப்போக, நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளுக்குக் கள்ளம் கிடையாது என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எனக்கு ஒன்பது வயசில் எல்லாக் கள்ளமும் இருந்தது.

செப்டம்பரில் அம்மா டிக்கெட் போட்டாள். லேப் அங்கிள்தான் எங்களைக் காரில் துபாய் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனார். எனக்கு மஞ்சள் கவுன். காலை பதினோரு மணி. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அந்த விமானத்தில் வந்தவர்கள் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியில் ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் வந்தார். அதற்குப் பிறகு கதவு திறக்கவில்லை. அங்கிள் உள்ளே போய் விசாரித்துவிட்டு நெடுநேரம் கழித்து வந்தார்.

“சிஸ்டர், நூத்தியெண்பது நாளாம். ரெண்டு நாள் தாண்டிருச்சாம்.”

“ஆறு மாசம் ஆக இன்னும் ரெண்டு நாள் கிடக்கே” என்றாள் அம்மா. பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து அங்கிளிடம் நீட்டினாள். மாதத்துக்கு முப்பத்தொரு நாளும் உண்டு, ஆறு மாசம் நூற்றெண்பது நாளைத் தாண்டிவிடும் என்பது அந்த வட்டத்தில் இல்லை. யாரிடம் காட்ட முடியும்? அதே விமானத்தில் அப்பாவைத் திருப்பி ஏற்றிவிட்டார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் எங்கோதான் அவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன், அங்கிள் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பிறகு எனக்கு அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜன்னல் சீட் கிடைத்ததாம். விமானம் மலைக்கு மேலேதான் வந்ததாம், நம் ரோடு மேலிருந்து நூல் மாதிரித் தெரிந்ததாம், வளைவுகளை எண்ணினாராம். ‘வரும்போதும் பார்த்தேன் மக்ளே, திரும்பும்போதும் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தார்.

அம்மா புது விசாவுக்கு ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். பெண்கள் பேரில் கணவனுக்கு விசா கொடுப்பதை இறுக்கிவிட்டார்கள் என்றார்கள், அடுத்த வருஷம் வா என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து லீவில் ஊருக்குப் போனபோது அப்பா பெரியப்பா வீட்டு மாடியில் இருந்தார். வயிறு போட்டிருந்தது. அத்தை மகனுடைய சைக்கிள் வாசலில் சும்மா நின்றது. “மிதிக்கிறதில்லையாப்பா?” என்று கேட்டேன்.

“இஞ்ச மேடே இல்ல மக்ளே” என்றார்.

நாங்கள் தனியாக இருந்த சமயம் பார்த்து, இப்போது அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டேன். “இனி எதுக்கு? அவளுக்கு இருக்கிற பாடு போதாதா?” நான் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது இறந்துபோனார். நெஞ்சுவலி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டி திறந்திருந்தது. கையைப் பார்த்தேன். நகம் சுத்தமாக இருந்தது.

இப்போது அம்மா அஜ்மானில் என்னோடு இருக்கிறாள். என் விசாவில். வருஷாவருஷம் நான் கையெழுத்துப் போட்டால்தான் அவள் இங்கே இருக்க முடியும். அந்தப் பேப்பரை நிரப்பும்போதெல்லாம் நாட்களை இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பேன்.

லீடர் படம் போட்ட மறுநாள், சனிக்கிழமை காலை, அம்மா சமையலறையில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போனைக் கொண்டுபோய்ச் சும்மா காட்டினேன், நம்ம பழைய ரோடு என்று. கையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரஞ்சுக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இதுல அந்த ஏழாவது வளைவு எங்கன?” என்றாள்.

வளைவுகளை எண்ணியது அப்பாவும் நானும் மட்டும். எழுதியது அந்த நோட்டில் மட்டும். நோட்டை அப்பா ஊருக்குக் கொண்டுபோய் எங்கோ தொலைத்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

“ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?”

“அவரு போன மறு வாரமே நோட்டு கிடைச்சு. அரிசி டின்னுக்கு அடியில இருந்திச்சு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் நேரா எழுதியிருந்தாரு. கேரியரில் இருபத்துநாலு கிலோ, மகள் இங்கே இறங்கி நடந்தாள்னு. கவரால் ஒனக்குக் கொண்டுவந்ததுன்னும் இருந்திச்சு.”

“தெரிஞ்சும் ஏன் ஒடனே கூப்பிடல?”

அம்மா மீனைத் திருப்பிப் போட்டாள்.

“கோவம். வேலைக்குப் போனாருன்னு கோவப்பட்டேன், அது இல்லன்னு ஆச்சு. அப்புறம் பிள்ளைய லாரி ரோட்டுல கொண்டுபோனாரேன்னு கோவம். அப்பனும் மவளும் சேந்து என்னைய ஏமாத்திட்டீங்களேன்னு கோவம். கொஞ்ச நாள் கிடக்கட்டும்னு விட்டேன்.” கத்தியைக் கீழே வைத்தாள். “ஒன்னையும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இன்னிக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு. நீ வந்து சொல்லுத அன்னிக்கே டிக்கெட் போட்டிரணும்னு இருந்தேன். நீ சொல்லல. கடைசி வாரம் வரைக்கும் பாத்தேன்.”

“நோட்டு எங்கம்மா?”

“அவரு தலைமாட்டுல வச்சேன். பெட்டிய மூடுறதுக்கு முந்தி.”

மீனைக் கழுவிக் குழம்பு வைத்தாள். நானும் சாப்பிட்டேன்.

லீடர் கேட்டதற்குப் பதில் இதுதான். ஏழாவது வளைவில் இப்போது தடுப்புக் கம்பி போட்டிருப்பார்கள், இறங்கித் தள்ளினால் வெட்கப்படாதே. எனக்கு அந்த ரோடு இனி வேண்டாம். அந்த நூற்றெண்பது நாளும் அப்பா படுத்த இடத்தில் நான்தான் படுத்துக்கொண்டேன். ஒரே கட்டில், ஒரே போர்வை. விளக்கை அணைத்த பிறகு அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்து, “என்னமாவது சொல்லணுமாட்டி?” என்று தினமும் கேட்பாள். எல்லா அம்மாக்களும் கேட்கிற கேள்வி என்று நினைத்துக்கொண்டு, தினமும் இல்லை என்று சொன்னேன்.